விளிம்பில் நிற்கும் இளையோருக்குத் துணை: பினாங்கில் பெற்றோரும் தொண்டர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களிலும் தீவுப் பகுதியிலும் பிள்ளைகளோடு பழகுகிற பெற்றோர், ஆலய நிர்வாகத்தினர், இலவச வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சில விடைகள் நீளமானவை. அந்தக் கேள்விகளை ஓரிரு வரியில் முடித்தால் தவறான வழியைக் காட்டியதாகிவிடும்.

விளிம்பில் நிற்கும் இளையோர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதவர், படிவம் 3க்கு (இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு) முன்பே படிப்பை நிறுத்தியவர், வீட்டில் அடியும் குடியும் பார்த்து வளர்கிறவர், அடையாள ஆவணம் இல்லாதவர், ஒரு முறையாவது போலீஸ் நிலையத்தில் இரவைக் கழித்தவர், தாய் இரண்டு வேலை பார்ப்பதால் தம்பி தங்கைகளைத் தாமே வளர்க்கிறவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறோம். வயது பெரும்பாலும் 13 முதல் 21 வரை. மலேசியாவில் இளைஞர் என்பதன் வயது வரம்பை 15 முதல் 30 வரை என மாற்றும் சட்டத் திருத்தம் 2019இல் நிறைவேறியது. ஆனால் நாம் பேசும் சிக்கல்கள் 15க்கு வெகு முன்பே வேர் பிடித்துவிடுகின்றன. ஆபத்து அவர்களைச் சுற்றியுள்ள நிலைமையில் இருக்கிறதே தவிர அவர்களின் பிறவிக் குணத்தில் இல்லை. இதை ஏற்காதவர்களுக்குக் கீழே உள்ள விடைகள் பயன்படமாட்டா.

பலத்திலிருந்து தொடங்குவது என்றால் என்ன?

ஒரு பையனைப் பற்றிப் பள்ளிக் கோப்பில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வராத நாள்கள், சண்டை, புகைபிடித்தல், கட்டொழுங்கு ஆசிரியரின் குறிப்பு, பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை என்ற இன்னொரு குறிப்பு. அவனால் என்ன முடியும் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு உதவ வருகிற ஒவ்வொருவரும் அவனிடம் எதை நிறுத்த வேண்டும் என்றே பேசத் தொடங்குகிறார்கள். பலத்திலிருந்து தொடங்குவது என்பது, அவன் ஏற்கெனவே எதை ஒழுங்காகச் செய்கிறான், யாரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று முதலில் கண்டறிந்து, அதன்மீது அடுத்த பொறுப்பை ஏற்றுவதாகும்.

இந்த எண்ணத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இருந்த பீட்டர் பென்சன் முக்கியமானவர். அவர் தலைமையில் சர்ச் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 1990இல் இளையோர் நன்கு வளரத் தேவையான வளங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அது பின்னர் 40 வளங்களாக விரிந்தது. அவற்றில் 20 மட்டுமே பிள்ளையின் உள்ளே இருப்பவை: படிப்பில் ஆர்வம், நேர்மை, திட்டமிடும் திறன் போன்றவை. மற்ற 20 அவனுக்கு வெளியே இருப்பவை: அக்கறை காட்டும் பெரியவர்கள், தெளிவான விதிகள் உள்ள வீடு, பிள்ளைகளை மதிக்கும் அக்கம்பக்கம் போன்றவை. பாதிக் கணக்கு நம் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் பலரும் கவனிப்பதில்லை.

இதற்கு ஆதாரம் உண்டா, நல்லெண்ணம் மட்டும்தானா?

ஆதாரம் உண்டு. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் நடுத்தர வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். கரும்பு, அன்னாசித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த தீவு அது. தோட்டத்திலிருந்து வந்த நமக்கு அந்தச் சூழலை விளக்கத் தேவையில்லை. வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் எனப் பல சுமைகளை ஒருசேரச் சுமந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், எந்தப் பெரிய சிக்கலும் இன்றிப் பொறுப்பான மனிதராக வளர்ந்தார். பாட்டி, ஆசிரியர், அண்டை வீட்டார் என யாரேனும் ஒரு பெரியவரின் நிலையான பிணைப்பு, வீட்டிலோ வெளியிலோ தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட வேலை, பெருமைப்பட ஒரு திறன் ஆகியவை அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டன. சிறுவயதில் தடம் மாறிய மற்றவர்களில் பலரும் முப்பது வயதை ஒட்டி நிலைபெற்றார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. 17 வயதில் ஒருவனைக் கைகழுவுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

என் மகனிடம் எந்தப் பலமும் தெரியவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

"உனக்கு என்ன திறமை?" என்று கேட்காதீர்கள், எந்தப் பையனும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான். அவன் எங்கே நேரம் தவறாமல் போகிறான் என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் எளிதில் காணக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு உறுமி மேளக் குழு. பள்ளியில் வாரம் இரண்டு நாள் மட்டம் போடும் 16 வயதுப் பையன், தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் இரவு ஒன்பது மணிப் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறுவதில்லை. அவனோடு அமர்ந்து, "தம்பி, மேளமெல்லாம் யார் வீட்டில் இருக்கு? வேனுக்கு யார் காசு வசூல் பண்றது? ஒருத்தன் வரலைன்னா யார் போன் அடிக்கிறது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "நான்தான் அண்ணே" என்ற பதில் இரண்டு முறையாவது வரும். தோல் தளர்ந்தால் இழுத்துக் கட்டுவதும், வளைந்த குச்சியை எந்த அழுத்தத்தில் தேய்த்தால் உறுமும் என்று புதிதாக வந்த சிறுவனுக்குக் காட்டிக் கொடுப்பதும், தண்ணீர்மலைப் படியேறும் காவடிக்காரர் தளரும்போது கண்ணசைவில் தாளத்தை மாற்றுவதும் அவன்தான். நேர ஒழுங்கு, பணக் கணக்கு, கற்பிக்கும் பொறுமை, பிறர் நிலையறிதல் என நான்கு திறன்களை அந்தப் பேச்சிலிருந்தே எழுதி எடுக்கலாம். அந்தத் தாளை அவன் கண்ணெதிரிலேயே எழுதுங்கள். படிக்கத் தடுமாறுகிறவனாக இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது உண்மையான பொறுப்பு. ஆலயத்தின் சிறுவர் குழுவுக்குப் பயிற்சியளிக்க அவனை நியமித்து, வருகைப் பதிவேட்டையும் அவனிடமே கொடுக்கலாம். நாற்காலி அடுக்குவது, தண்ணீர் புட்டி தூக்குவது போன்றவற்றைப் பொறுப்பு என்று பெயரிட்டுக் கொடுத்தால் ஒரே வாரத்தில் அவனுக்குப் புரிந்துவிடும். அவன் வராவிட்டால் யாருக்காவது வேலை கெட வேண்டும். அதுதான் நாங்கள் வைத்திருக்கும் ஒரே அளவுகோல். உறுமிக் குழு என்றாலே குண்டர் கும்பல் என்று கதவைச் சாத்தும் ஆலயங்கள் உண்டு. அவர்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்ட குழுவில்தான் வேறு ஆள்கள் வந்து அமர்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பாராட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? கண்டிக்கக் கூடாதா?

கண்டிக்க வேண்டும். தகுதியில்லாத பாராட்டை இந்தப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மோப்பம் பிடிப்பார்கள். பொறுப்பை நம்பிக் கொடுத்தவருக்குத்தான் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. கணக்குக் கேட்பதும் அவனை மதிப்பதன் ஒரு பகுதியே. தவறு நடந்தால் அதை ஈடுசெய்யும் வழியை அவனே சொல்லும்படி கேளுங்கள். பிரம்பையும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் தவிருங்கள்.

சிறைக்கு அழைத்துப் போய்க் காட்டினால் பயந்து திருந்த மாட்டார்களா?

நல்ல நோக்கத்தோடு இதைப் பரிந்துரைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் இது ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ராவே சிறையில், 1970களில் ஆயுள் கைதிகளே சிறுவர்களை எதிரில் நிறுத்தி உரக்கக் கூச்சலிட்டு மிரட்டும் திட்டம் தொடங்கப்பட்டு வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. பின்னர் அந்தோனி பெட்ரோசினோவும் அவருடைய குழுவினரும் இத்தகைய திட்டங்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுவர்கள், எதுவும் செய்யாமல் விடப்பட்ட சிறுவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் ஈடுபட்டிருந்தனர். சும்மா இருந்திருந்தாலே மேல் என்பதுதான் அதன் பொருள்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பயம் சில நாள்களில் வடிந்துவிடும். தன் கூட்டாளிகள் முன்னால் பயப்படாதவனாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயமோ வடிவதில்லை. வீட்டிலேயே அடிபட்டு வளர்ந்தவனுக்கு, கத்தும் பெரியவர் புதிய அனுபவமும் அல்ல.

எல்லாச் சிக்கல் பிள்ளைகளையும் ஒன்றுசேர்த்துத் தன்முனைப்பு முகாம் நடத்தலாமா?

மூன்று நாள் முகாம், கடைசி இரவில் மெழுகுவர்த்தி, பெற்றோரை நினைத்து அழுகை என்ற வடிவம் நமக்கெல்லாம் பழக்கமானது. முகாமைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிக்கலில் உள்ளவர்களை மட்டும் ஒரே இடத்தில் குவிப்பதில் உண்மையான ஆபத்து இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கி 500க்கும் மேற்பட்ட சிறுவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் உதவி அளித்து நடத்திய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டத்தை ஜோன் மெக்கார்ட் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்தார். உதவி பெற்ற பிரிவினர் உதவி பெறாதவர்களைவிடப் பல வகையில் மோசமான நிலையில் இருந்தனர். ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் அந்தக் கேடு மிகுதியாகத் தெரிந்தது. டாமஸ் டிஷியனோடு சேர்ந்து அவர் 1999இல் எழுதிய கட்டுரை, சிறுவர்கள் ஒருவருக்கொருவர் தவறுகளைச் சொல்லிச் சிரித்து, அந்தச் சிரிப்பாலேயே அவற்றை வளர்த்துக்கொள்கிறார்கள் என்று விளக்குகிறது.

எனவே கலந்து சேருங்கள். இருபது பேர் கொண்ட காற்பந்துக் குழுவில் நான்கைந்து பேர் விளிம்பில் நிற்பவர்களாக இருக்கலாம். அவர்கள் யார் என்பது பயிற்றுநருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஓய்வு நேரத்தை ஆளில்லாமல் விடாதீர்கள்.

என் பிள்ளை கும்பலில் சேர்ந்துவிட்டான். இனி என்ன செய்வது?

முதலில் சட்ட நிலை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டுச் சட்டவிரோதமானவை என அறிவித்தது. சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பியம் கொள்வதே 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி குற்றம். வேறெந்தத் தவறும் செய்திருக்கத் தேவையில்லை. பெருமைக்காகக் கைப்பேசியில் வைத்திருக்கும் ஒரு படமும் வினையாகலாம் என்பதைப் பையனிடம் அமைதியாகச் சொல்லுங்கள்.

அடுத்து, கும்பல் அவனுக்கு எதைக் கொடுத்தது என்று கேளுங்கள். மோட்டார் சைக்கிள் பறிபோனபோது யார் வந்தார்கள், அப்பாவின் இறுதிச் சடங்குக்கு யார் பந்தல் போட்டார்கள், முதன்முதலில் அவனை நம்பி யார் பணத்தைக் கையில் கொடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கு வரும் விடைகள் நம்மைச் சங்கடப்படுத்தும். பாதுகாப்பு, வருமானம், ஓர் இடம், ஒரு பெயர் என்று நாம் கொடுக்க மறந்ததை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். அந்த நான்கில் இரண்டையாவது வேறு இடத்தில் அமைத்துக் கொடுக்காமல் "அவர்களோடு சேராதே" என்று சொல்வது காற்றில் எழுதுவதற்குச் சமம். மாத வருமானம் கிடைக்கும் வேலையும் வேறு ஊரில் மாமா அல்லது பெரியப்பா வீட்டில் சில மாதத் தங்கலும் சேர்ந்து அமையும்போதுதான் விலகல் பெரும்பாலும் நிலைக்கிறது.

கும்பல் தலைவரிடம் நீங்களே போய்ப் பேசாதீர்கள். கடன், ஆயுதம், மிரட்டல் என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் வழக்கறிஞரையோ போலீசையோ நாடுவதைத் தள்ளிப் போடக் கூடாது.

தமிழ்ப்பள்ளியில் நன்றாக இருந்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் ஏன் சறுக்குகிறது?

ஆறாம் ஆண்டு வரை எல்லா ஆசிரியருக்கும் பெயர் தெரிந்த பிள்ளை, திடீரென ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் உள்ள பள்ளியில் பெயரற்றவனாகிறான். மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லையென்றால் படிவம் 1க்கு முன்பு ஓராண்டு புகுமுக வகுப்பு. மொழியைச் சரிசெய்ய ஏற்பட்ட ஏற்பாடுதான் அது. ஆனால் பல பள்ளிகளில் அந்த வகுப்பு கட்டடத்தின் மூலையில், யாரும் எதுவும் எதிர்பார்க்காத வகுப்பாக ஆகிவிடுகிறது. அடுத்த ஆண்டு தன்னைவிட ஒரு வயது இளையவர்களோடு உட்கார வேண்டிய 14 வயதுப் பையனின் மனநிலையைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பலர் விலகும் எண்ணத்தை அந்த ஆண்டில்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

இங்கே தலையிடுவது மலிவானது, எளிதானது. ஆறாம் ஆண்டின் கடைசிப் பருவத்திலேயே பிள்ளை போகவிருக்கும் பள்ளியில் படிவம் 3, 4 படிக்கும் ஓர் அண்ணனையோ அக்காளையோ அறிமுகப்படுத்தி, முதல் மூன்று மாதம் ஓய்வு வேளையில் சிற்றுண்டிச் சாலையில் ஒன்றாக உட்காரச் செய்யுங்கள். புறப்பாட நடவடிக்கை ஒன்றில் முதல் மாதமே பெயர் கொடுக்கட்டும். தமிழ்மொழிப் பாடத்துக்குப் பதினைந்து மாணவர் சேர்ந்தால் வகுப்புக் கேட்கலாம் என்பது பெற்றோர் பலரும் பயன்படுத்தாத வழி. தான் வல்லவனாக இருக்கும் ஒரு பாடமாவது அவனுக்கு வாரந்தோறும் கிடைக்கும்.

எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) இல்லாமல் என்ன வழி?

மலேசியத் திறன் சான்றிதழ் ஐந்து நிலைகளைக் கொண்டது. முதல் மூன்று சான்றிதழ், அடுத்த இரண்டு டிப்ளோமா. தொடக்க நிலையில் சேர எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமில்லை, மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கிறது. வகுப்பறையைக் கண்டாலே முகம் சுளிப்பவனுக்கு இது பெரும்பாலும் பொருந்துகிறது. சிலாங்கூரின் களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் நடத்தும் தங்கும் வளாகமும் படிப்பை விட்ட இந்திய இளையோரை மனத்தில் வைத்து அமைந்ததே.

பாயான் லெப்பாஸ், பிறைத் தொழிற்சாலைகளின் ஒப்பந்த வேலையும் உணவு விநியோகமும் இன்றைக்கே பணம் தரும் என்பதால் பயிற்சிப் படித்தொகை அற்பமாகத் தெரியும். குடும்பத்துக்கு அந்தப் பணம் உண்மையிலேயே தேவை என்றால், வேலையை விடச் சொல்லாமல் பகுதிநேரப் பயிற்சியைத் தேடுவதே நேர்மை. பிறப்புப் பத்திரம் அல்லது மைகார்டு (அடையாள அட்டை) சிக்கல் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். அந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கு ஆகலாம். தள்ளிப் போட்டால் இன்னும் நீளும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஏன் குறைவாகவே பேசுகிறார்கள்?

அவர்களின் சிக்கல் தெருவுக்கு வருவதில்லை. பள்ளிக்கு வராத பெண் "வீட்டில் அம்மாவுக்கு உதவியாக இருக்கிறாள்" என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறாள். அந்த உதவியையே பலம் என்று புகழ்ந்து சுமையைக் கூட்டுவதுதான் இங்கே நேரும் தவறு. வீட்டை நிர்வகிக்கும் அவளுடைய திறனுக்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். தம்பி தங்கைகளை வாரம் இரண்டு மாலை வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது, எந்த ஊக்க உரையையும்விட அவளுக்கு உதவும். பாலியல் துன்புறுத்தலின் அறிகுறி இருந்தால் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க முயலாதீர்கள். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

"கட்டுப்படுத்த முடியவில்லை" என்று நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம் என்கிறார்களே?

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தம் கட்டுப்பாட்டில் இல்லை என்று பெற்றோரே சிறார் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிக்க இடம் தருகிறது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்த பின், பிள்ளையை ஒப்புதல் பெற்ற சீர்திருத்தப் பள்ளிக்கோ விடுதிக்கோ அனுப்பவோ, அதிகாரியின் கண்காணிப்பில் வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த உத்தரவு வந்த பிறகு, மனம் மாறிவிட்டது என்று சொல்லி மறுநாளே அழைத்துவர முடியாது. கோபத்தில் இருக்கும் வாரத்தில் இந்த விண்ணப்பத்தை எழுத வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதலில் வட்டாரச் சமூக நல அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

வழிகாட்டியாக இருக்க விரும்புகிறேன். எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது ஓராண்டு, வாரம் ஒரு முறை. அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த வழிகாட்டலில் பிள்ளைகளுக்கு நன்மை மிகுந்திருந்தது. சில மாதங்களிலேயே கைவிடப்பட்டவர்களின் தன்மதிப்போ முன்பைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே பலர் வந்து போன வாழ்க்கையில் இன்னொருவராக வந்து போவதைவிட வராமலிருப்பது நல்லது. ஓராண்டு முடியாதவர்கள் வாகனம் ஓட்டலாம், விண்ணப்பப் படிவங்களை நிரப்ப உதவலாம், சமைக்கலாம், அவையும் தேவைதான்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவரோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். தொண்டர்களைச் சேர்க்கும் அமைப்பு, சிறார் பாலியல் குற்றப் பதிவேட்டைச் சமூக நலத் துறையின் வழி சரிபார்க்க வேண்டும்; தெரிந்தவர், ஆலயத்தில் மூத்தவர் என்ற காரணத்துக்காக விதிவிலக்கு அளிக்கக் கூடாது.

சாக வேண்டும் என்று பேசுகிறான். விளையாட்டுக்காகத்தானா?

விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், 15555 (மனநல உதவி) அல்லது 15999 (சமூக நல உதவி) எண்ணை அழையுங்கள்; உடனடி ஆபத்து என்றால் 999. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகி வந்தபோது மீண்டும் சறுக்கிவிட்டான். பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?

முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டாம். பணம் கையாடியிருந்தால் பணப் பொறுப்பை மட்டும் எடுத்துவிட்டு, சிறுவர்களுக்குக் கற்பிக்கும் வேலையை விட்டுவையுங்கள். போதையில் வந்திருந்தால் அன்றைய பயிற்சியிலிருந்து அனுப்பிவிட்டு, மறுநாள் அவனைத் தேடி நீங்களே போங்கள். அவன் வெட்கத்தால் வரமாட்டான், நீங்கள் கோபத்தால் போகமாட்டீர்கள், இடையில் இரண்டு வாரம் ஓடிவிடும். எடுத்த பொறுப்பை எப்போது, எந்த நிபந்தனையில் திருப்பித் தருவோம் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். குறித்த நாளில் அவன் கேட்காவிட்டாலும் நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.